மொட்டை மேட்டு நீலப்பூ

திருடன் வந்தால் கூச்சல் போடலாம். கையில் மரக்கன்றோடு ஊருக்கு நல்லது செய்ய வருகிறவனைப் பார்த்து என்னவென்று கத்துவது?

நகராட்சி நாற்றங்காலை நடத்துகிறவள் கத்தித்தான் பார்த்தாள். பூங்கா அலுவலகத்தின் பெரிய அதிகாரி வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா கணவர். ஊர் எல்லையில் இருக்கும் புல்மேட்டுக்கு மொட்டை மேடு என்று பெயர் சூட்டி, அதை மரங்களால் நிரப்பப் போவதாகப் பேட்டியும் கொடுத்துவிட்டார்.

"அத்தான், அது மொட்டை இல்ல. முதல் மழை விழுந்ததும் வந்து பாருங்க. நீலமா ஒரு பூ பூக்கும். மத்த இடமெல்லாம் ரோடும் வீடுமா ஆயிடுச்சு. இனி அது அங்க மட்டும்தான் இருக்கு."

"உன் தொட்டியில வளர்த்துக்கோயேன்."

"வளர்த்துப் பார்த்துட்டேன், வரல. அந்தப் புல்லுக்கு நடுவுலதான் வரும். கீழ பாறை, மண்ணு ஒரு சாண்கூட கிடையாது. உங்க மரமும் நிக்காது."

அத்தான் சிரித்தார். "மரமே வேண்டாங்கற நர்சரிக்காரியை இப்பதான் பார்க்கறேன்!"

மாலையே அக்காவின் போன் வந்தது. "ஒரு புல்லு பூண்டுக்காக அவர் மானத்தை வாங்காதடி. சொந்தத்துக்குள்ள இது தேவையா?"

சொந்தம் என்றால் வாயடைத்துப் போகத்தானே வேண்டும். தான் வளர்த்த கன்றுகளைத் தானே வண்டியில் ஏற்றி அனுப்பினாள். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டதாக அன்று முழுவதும் நொந்துகொண்டாள்.

கன்று நடுவது எப்போதும் முதல் மழைக்குப் பிறகுதான். அந்தப் பாவப்பட்ட பூ பூப்பதும் அப்போதுதான். மேடு முழுக்க நீலமாக விரிந்திருந்ததன் மேல் குழி தோண்டிய மண்ணையும் கல்லையும் குவித்தார்கள். மிச்சத்தைச் செருப்புக் கால்கள் பார்த்துக்கொண்டன. நகராட்சித் தலைவர் நீலத்துக்கு நடுவே நின்று, ஒரு கன்றைப் பிடித்தபடி சிரித்தார். அந்தப் படம் அலுவலக வாசலில் பெரிதாகத் தொங்கியது.

கோடையில் கன்றுகள் ஒன்றுவிடாமல் கருகின. அதற்காக யாராவது வெட்கப்பட்டார்களா? இல்லை. அடுத்த மழை வந்ததும் அதே மேட்டில் அதே விழாவுக்குப் பந்தல் போட்டார்கள்.

கன்று வண்டியோடு அவளும் போனாள். குவித்த மண்ணில் எங்கிருந்தோ வந்த முட்செடி தழைத்திருந்தது. மேட்டை ஒரு மூலை விடாமல் சுற்றி வந்தாள். ஒரு பூ இல்லை.

அத்தான் போட்டோக்காரரோடு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"எங்கம்மா அந்த நீலப்பூ? போன வருஷப் படம் தலைவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதுக்கு நடுவுலதான் நிப்பேங்கறார். இன்னும் பூக்கலையா? விழாவை வேணா ஒரு வாரம் தள்ளி வைக்கலாமா?"

வண்டியில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"புதைச்சது நீங்கதானே அத்தான். நீங்களே தோண்டி எடுத்துக் குடுங்க, தலைவர் நிக்கட்டும்."

கன்றுகளை இறக்காமலே வண்டியைத் திருப்பச் சொன்னாள். வழியெல்லாம் அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இந்த முறை அவள் எடுக்கவில்லை.