பிளசர் காரில் துக்கம் கேட்கப் போனவள்

இருதயராஜுக்குப் பிளசர் காரில் ஏற வேண்டும். லூர்துமேரிக்கு அக்காவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் புதுச்சேரிப் பயணம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள். பேச்சென்னவோ நல்ல பேச்சுதான்.

அக்கா சவுரியம்மாள் புதுச்சேரியில் பஞ்சாலைக் கூலி. தாயில்லாத லூர்துவை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள். போன வருஷம் அவளுடைய ஒரே பையன் அம்மை கண்டு போய்விட்டான். சேதி வந்தபோது லூர்துமேரி பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, எழுந்து நடக்கவே சீவனில்லை. அப்புறம் புருஷனுக்கு லீவு இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், அடைமழை என்று ஒன்று மாற்றி ஒன்று. சாவுக்குத்தான் போகவில்லை, துக்கம் கேட்கவாவது போக வேண்டாமா? அதுவும் போகாத உறவு என்ன பொல்லாத உறவு! "அவ வந்து என்னைக் கட்டிக்கினு அழுதாத்தான் என் நெஞ்சு ஆறும்" என்று அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து லூர்துமேரிக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

இருதயராஜ் கதை வேறு. விழுப்புரம் லோகோ ஷெட்டில் அவன் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளுகிறவன். அவன் அப்பன் திண்டிவனம் பக்கம் பிரம்மதேசத்தில் பண்ணையாள். பண்ணைக்காரர் புதுசாகப் பிளசர் வாங்கி வந்த அன்று, பொடியனாயிருந்த இருதயராஜ் அதன் மட்காடைத் தொட்டுப் பார்த்துவிட்டான். அதற்காக அவன் அப்பனைப் புளியமரத்தில் கட்டி வைத்தார்கள். அன்றைக்கு உள்ளே போனது ஆத்திரமோ ஆசையோ, கல்யாணமாகி இரண்டு பிள்ளைக்கு அப்பனான பிறகும் இறங்கவில்லை. "ஒரு நாளாச்சும் பிளசர்ல கால் மேல கால் போட்டுக்கினு போவணும்டி" என்பான். விழுப்புரத்தில் ஏறினால் ஊர்க்காரன் எவனாவது பார்த்துத் தொலைப்பான். புதுச்சேரி என்றால் பிரெஞ்சுக்காரன் சீமை. அங்கே நம்மை யார் கண்டது?

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. ஈஸ்டர் கழித்து லீவு கிடைத்தது. வெள்ளாவியில் வெளுத்த வேட்டியும், ஷெட் கிளார்க்கிடம் இரவல் வாங்கிய கோட்டுமாக இருதயராஜ் பெண்டாட்டி பிள்ளைகளோடு ரயிலேறினான். வளவனூர் தாண்டியதுமே அவன் பேச்சு மாறிவிட்டது. எல்லையில் சுங்கக்காரன் மூட்டையைப் பிரித்து, அக்காவுக்கென்று வறுத்துக் கட்டிய மல்லாட்டைக் கடலையில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். அதற்குக்கூட இருதயராஜ், "சாப்பிடட்டும், பாவம்" என்றான், ஏதோ ஜமீந்தார் மாதிரி!

புதுச்சேரி ஸ்டேஷன் வாசலில் வாடகைக் கார் நின்றது. காக்கிக் கோட்டு போட்ட டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்கம்மா, பாத்து ஏறுங்க" என்றான். பிறந்ததிலிருந்து லூர்துமேரியை ஏய் என்றும் வாடி என்றும் கூப்பிட்டவர்கள்தான் உண்டு. அம்மா என்று வெளியாள் ஒருத்தன் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"ஐயாவுக்கு எந்தூருங்க?" என்று டிரைவர் பேச்சுக்குக் கேட்டான்.

"விழுப்புரம் ரயில்வேல உத்தியோகம். சொந்த ஊரு பிரம்மதேசம். நெலம் நீச்சு நெறைய கெடக்குது, ஆளுங்க பாத்துக்கினு இருக்கானுங்க" என்றான் இருதயராஜ்.

அடேயப்பா! கரிக்கூடைக்கு வந்த வாழ்வைப் பார் என்று லூர்துமேரிக்குச் சிரிப்பு முட்டியது. அத்தோடு விட்டானா? "கிருஷ்ணவேணி, புள்ளைமேல வெயில் அடிக்குது பாரு" என்றான். யாரடா அந்தக் கிருஷ்ணவேணி என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முழங்கையால் இடித்த பிறகுதான் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று தெரிந்தது.

கடற்கரை பார்த்தார்கள். கலங்கரை விளக்கம் பார்த்தார்கள். மூத்த பெண் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்துக் கைதட்டினாள். இருதயராஜ் கால்மேல் கால் போட்டுக்கொண்டு எதைப் பார்த்தாலும் "பரவால்ல, பரவால்ல" என்றான். மாதா கோயில் வந்ததும், ஒரு நிமிஷம் முட்டி போட்டுவிட்டு வருகிறேன் என்று லூர்துமேரி கதவில் கை வைத்தாள். "அந்தக் கோயில்ல நமக்கென்ன வேலை?" என்று அவன் வாயை அடைத்துவிட்டான். முந்தானைக்குள் கையை விட்டுத் திருடி மாதிரி சிலுவை போட்டுக்கொண்டாள். மனசுக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் இறங்கும்போதும் ஏறும்போதும் டிரைவர் "அம்மா, அம்மா" என்றது அவளுக்கும் இனிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும்.

"அக்கா வூட்டுக்கு எப்பய்யா?" என்று காதோடு கேட்டாள்.

"இருடி, இன்னும் மார்க்கெட்டே பாக்கல."

மார்க்கெட்டும் பார்த்தாயிற்று. வெயில் சாய ஆரம்பித்தது. இவனை நம்பினால் வந்த வழியே ரயிலேற்றிவிடுவான் என்று அவளுக்குப் புரிந்துபோனது. "பஞ்சாலைக்குப் பின்னால சேரி இருக்குதில்ல, அங்க போவணும்பா" என்று தானே டிரைவரிடம் சொல்லிவிட்டாள்.

டிரைவர் திரும்பி அவளை ஒரு தரம் பார்த்தான். "சரிங்கம்மா" என்றான்.

இருதயராஜ் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். "அவன் எதிர்ல நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன்" என்று பல்லைக் கடித்தான்.

சேரி முனையில் கார் நின்றது. ஹாரன் சத்தத்துக்குப் பிள்ளைகள் ஓடி வந்தன, பின்னால் பெண்கள் வந்தார்கள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்க, எலும்பும் தோலுமாக ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில், "ஐயோ, லூர்து! வந்துட்டியா என் கண்ணு!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். அழுகை அவள் வாய்வரை வந்துவிட்டது.

இருதயராஜ் ஜன்னலில் கையைக் குறுக்கே வைத்தான். டிரைவரைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "முன்ன எங்க மாமனார் வூட்ல சாணி தட்டிக்கினு இருந்த பொம்பள. இவளத் தூக்கி வளத்துச்சு, அந்தப் பாசம்."

சவுரியம்மாள் அப்படியே நின்றாள். விரித்த கை விரித்தபடி இருந்தது. டிரைவரைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் தங்கையைப் பார்த்தாள், நிதானமாக, ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறவள் மாதிரி.

சொல்ல வேண்டியதுதானே! இவ என் அக்கா, சொல்லு லூர்து, சொல்லித் தொலை! மணிக்கட்டில் புருஷன் பிடி, மடியில் பிள்ளை, நாளெல்லாம் கேட்ட அம்மா அம்மா. பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை.

சவுரியம்மாள் விரித்த கையை ஒன்றாகச் சேர்த்தாள். "கும்புடுறேன் தாயி. நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நாலடி பின்னால் போய் நின்றாள்.

"சரி, பாத்தாச்சில்ல, வண்டிய எடுப்பா" என்றான் இருதயராஜ்.

கார் நகர்ந்தது. பஞ்சாலைச் சுவரைத் தாண்டியதும் டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டான்.

"ஐயா, எம் பேரு ராயப்பன். சவுரியம்மா வூட்டுக்கு மூணாவது வூடு என்னுது" என்றான். "பொழப்புக்காவ, வண்டியில ஏர்ற ஆளையெல்லாம் ஐயாங்கிறேன். உங்க பொண்ணு கழுத்துல மாதா படம் போட்ட உத்தரியக் கயிறு தொங்கறத டேசன்லயே பாத்துட்டேன். வேதக்காரங்க, மாதா கோயில் ஆளுங்கன்னு தெரியும். சேரிக்குப் போவணும்னு இந்தம்மா சொன்னதும் நம்மாளுங்கதான்னும் தெரிஞ்சு போச்சு. மனுசனுக்கு ஒரு நா ஆசை, இருந்துட்டுப் போவட்டும்னு இருந்தேன்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினான். "சவுரியம்மா புள்ளைய இந்தக் கையாலதாங்க குழியில எறக்கினேன். எந் தங்கச்சி வருவா, வந்தாத்தான் நான் அழுவேன்னு ஒரு வருசமா சொல்லிக்கினு கெடக்குது அது. எப்படிங்க மனசு வந்துது?"

கரி அள்ளும்போதுகூட இருதயராஜின் முகம் அத்தனை கறுத்ததில்லை. அவன் காலைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டான். எவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று இத்தனை பாடுபட்டானோ, அவனுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கிறது!

"வண்டியத் திருப்புண்ணே" என்றாள் லூர்துமேரி.

கார் நிற்குமுன்பே கைப்பிள்ளையைப் புருஷன் மடியில் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். கூட்டம் கலையவில்லை. அக்கா குடிசை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா! உம் புள்ளையப் பறிகுடுத்துட்டியே அக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டு லூர்துமேரி கையை நீட்டினாள். துக்கம் கேட்க வந்தவள் கை நீட்டினால் தீராத பகையாளியும் வந்து தோள் கொடுப்பாள். அதுதான் முறை. பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி மனசு கேட்காமல் முன்னால் வந்தாள்.

சவுரியம்மாள் அவளைத் தடுத்தாள். "தொடாத ஆயா. பெரிய வூட்டம்மா. நம்ம கை பட்டா பிளசர்ல ஏத்த மாட்டாங்க."

"அக்கா, நான் பாவி. என்னைச் செருப்பால அடி. எம் மேல விழுந்து அழுவுக்கா!"

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா தாயி. அவ வருவான்னுதான் கண்ணுல தண்ணிய வச்சிக்கினு இருந்தேன்." கோபமே இல்லாத குரல். "பொழுதாவுது, ரயிலு போயிடும். பொறப்படுங்க."

உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். பிறகு, ஒரு வருஷமாக அடக்கி வைத்த ஒப்பாரி குடிசைக்குள்ளிருந்து கிளம்பியது. தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக லூர்துமேரியை விலகிக் கடந்து, படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கடைசியாகப் போனவள் படலைச் சரியாகச் சாத்தக்கூட இல்லை. தள்ளினால் திறக்கும். லூர்துமேரிக்குக் கை வரவில்லை.