போகாதவருக்கு ஒரு விழா

திங்கட்கிழமை காலை நூல்நிலையக் கதவு திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றவர் ஓய்வு பெற்ற தபால்காரர். கையில் வாழைச் செய்கை பற்றிய புத்தகம். அதைத் திருப்பிக் கேட்டு உதவி நூலகர் பத்மாசினி எத்தனையோ தடவை அவர் வீட்டுப் படலையில் சைக்கிளை நிறுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நாய்தான் வந்து பதில் சொன்னது. இன்று மனிதர் தாமாகவே புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கலியாண வீட்டில் பெண்ணை வழியனுப்புகிறவர் மாதிரி அவளைப் பார்த்தார்.

“மனசிலை ஒண்டும் வச்சிருக்காதேங்கோ பிள்ளை. நல்லபடியாப் போய்ச் சேருங்கோ.”

“எங்கை ஐயா போய்ச் சேர?”

“எனக்குச் சொல்ல வேண்டாம். நானும் கேக்கேல்லை” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் இன்னும் ஏழெட்டுப் பேர் பழைய கடன் புத்தகங்களோடு வந்துவிட்டார்கள். ஒருத்தி பனங்கட்டிக் குட்டான் கொண்டுவந்தாள். இன்னொருத்தி காதுக்குள், “தையல் மெசினை என்ன செய்யப் போறியள்? நான் எடுக்கிறன்” என்றாள். எல்லாவற்றுக்கும் காரணம் வாசலில் இருந்த கரும்பலகை. இடது பக்கத்தில் அன்றைய தலைப்புச் செய்திகள். மின்சாரம் இல்லாத ஊரில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டுப் பத்மாசினி எழுதுவாள். வலது மூலையில் ‘ஊழியர் செய்தி’. நூலகர் மார்க்கண்டருக்குக் காய்ச்சல், காவலாளிக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்பதற்கு மேல் அந்த மூலை எதையும் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை மார்க்கண்டர் தம் கைப்பட அங்கே எழுதியிருந்தார்: ‘ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, எமது உதவி நூலகர் திருமதி பத்மாசினி சீவரத்தினத்துக்குப் பாராட்டு விழா. அனைவரும் வருக.’

அவர் நல்லதை நினைத்துத்தான் செய்தார். நூல்நிலையத்தில் முன்பு அவருக்கு உதவியாக நாலு பேர் வேலை செய்தார்கள். ஒருவர் கனடா போனார், ஒருவர் ஜெர்மனி, ஒரு பெண் கொழும்பு. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, மாலை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பா. “போன எல்லாருக்கும் விழா எடுத்தாச்சு. அவையின்ரை வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யிற உமக்கு ஒரு வாழைப்பழம் கூட ஆரும் தரேல்லை. இந்த முறை நிக்கிற ஆளுக்குச் செய்வம்” என்றார். பத்மாசினிக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்? பசை கிடைக்காத காலத்தில் மரவள்ளி மாவில் கூழ் காய்ச்சி, கிழிந்த புத்தகங்களை ஒட்டி ஒட்டி அவளுடைய விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. ஒருவராவது அதைக் கவனித்திருக்கிறாரே என்று பட்டது.

ஆனால் ஊரின் கணக்கு வேறு. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் ஒருவருக்கு விழா எடுத்தால் அவர் போகிறார் என்று அர்த்தம். போகிறவர் எவரும் போகிறேன் என்று வாயால் சொல்லமாட்டார். வெளியேறும் பாஸ் கிடைக்காமல் போகலாம், கிளாலிக் கடலேரியில் வள்ளத்தைத் தவறவிடலாம், கண் பட்டுவிடலாம். கடைசி நாள்வரை ‘நான் ஒரு இடமும் போகேல்லை’ என்று சாதித்துவிட்டு, ஒரு விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழக்கம். ஆகவே பத்மாசினி இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, ஊருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது.

இதுவரை சிரிப்புத்தான். புதன்கிழமை பின்னேரம் வீட்டுக்கார இளையதம்பியர் வந்து விறாந்தையில் உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது.

“ஞாயிறு விழா முடிஞ்ச கையோடை வீட்டைப் பூட்டித் திறப்பைத் தந்தால் போதும் பிள்ளை. மயிலிட்டிக் கடக்கரை லூர்த்தம்மாவும் ரண்டு பிள்ளையளும் பள்ளிக்கூடத்திலை ரண்டு வருசமா அகதியாக் கிடக்குதுகள். பள்ளிக்கூடத்தைத் திங்கக்கிழமை திறக்கப் போகினமாம். நான் அதுகளுக்கு வாக்குக் குடுத்திட்டன்.”

“ஐயா, நாங்கள் போகேல்லை. சத்தியமா.”

“ஓம் ஓம்” என்று எழும்பினார். “போன முறை இருந்தவையும் உப்பிடித்தான் சொன்னவை. விடிய வந்து பாத்தால் கோழி மட்டும்தான் நிண்டது.”

அவர் போனபின் பத்மாசினி வெகுநேரம் அந்த இரண்டு அறைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காங்கேசன்துறைப் பக்கம் சொந்த வீடு இருக்கிறது; அதற்குள் இப்போது ராணுவம் இருக்கிறது. கோயில் மடம், ஒன்றுவிட்ட தமையன் வீடு, மாட்டுக்கொட்டில் என்று ஒவ்வொன்றாக மாறி நெல்லியடிக்கு வந்து இந்த வீட்டைப் பிடித்தபோது, முதல் நாள் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவள் அழுதிருக்கிறாள். வடமராட்சி முழுக்க இன்னொரு வீடு தேடினாலும் கிடையாது. ஒரு பொன்னாடைக்காக இதை இழப்பதா? கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த கணவர் சீவரத்தினம் அதிகம் பேசாத மனிதர். “விழாவை நிப்பாட்டும்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவள் போய்ச் சொன்னதும் மார்க்கண்டர் பதறிப்போனார். விழாவை நிறுத்த மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. “இவ்வளவுதானே, நான் ஊருக்கு விளக்கமாச் சொல்லிவிடுறன்” என்று சோக்கை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘திருமதி பத்மாசினி எங்கும் போகவில்லை.’ அதோடு முடிந்தது கதை. அரைகுறையாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேரும் அன்று பின்னேரமே சந்தேகம் தீர்ந்து, கண் கலங்க வந்து விடைபெற்றுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை மண்டபம் நிறைந்துவிட்டது. மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. வாழ்த்துப்பா எழுதிய தமிழ் வாத்தியார் எட்டாவது பாட்டில் அவளைக் கடல் கடத்தி, ஒன்பதாவதில் பனிமழையில் நிற்கவைத்துவிட்டார். சனம் மூக்கை உறிஞ்சியது. பத்மாசினி எழுந்தாள். மேடையில் பேசிப் பழக்கமில்லை.

“நான் ஒரு இடமும் போகேல்லை. நாளைக்கு எட்டு மணிக்கு இதிலைதான் நிப்பன். இந்த விழா நான் நிக்கிறதுக்குத்தான் வச்சது. நம்புங்கோ.”

எல்லோரும் கை தட்டினார்கள். எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறாள் என்ற கைதட்டல் அது. முன்வரிசையில் இளையதம்பியரும் தலையை ஆட்டி ரசித்தார்.

மண்டபத்தின் கடைசியில், கதவோரம் ஒரு பெண் நின்றாள். பக்கத்தில் இரண்டு பெண் பிள்ளைகள், உரப்பைகள், பாயில் சுற்றிய சட்டிபானை. மயிலிட்டி லூர்த்தம்மா இவள்தான் என்று பத்மாசினிக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அத்தனை பேரும் தட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் தட்டவில்லை. குனிந்து, கீழே வைத்த பாயைத் திரும்பத் தலையில் ஏற்றினாள். பிள்ளைகளும் ஒன்றும் கேளாமல் உரப்பைகளைத் தூக்கிக்கொண்டன. பத்மாசினி மாலையும் பொன்னாடையுமாக மேடையைவிட்டு இறங்கி நடந்தாள்.

“அக்கா, எங்கை போறியள்?”

“பள்ளிக்கூடத்துக்குத்தான். விடியத்தானே அங்கையிருந்து எழுப்புவினம். விடியட்டும், பாப்பம்.”

“நீங்கள் என்னை நம்பிறியளோ?”

“போற சனத்தின்ரை முகம் எனக்குத் தெரியும் தங்கச்சி. எத்தினை பேரை வள்ளம் ஏத்தி விட்டிருப்பம்! உங்கடை முகம் அதில்லை.”

அந்த ஊரிலேயே அவளை நம்பிய ஒரே ஆள், நம்பினால் வீட்டை இழக்கிற ஆள். பத்மாசினி திரும்பிப் பார்த்தாள். சீவரத்தினம் பின்னால் வந்து நின்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. கொஞ்சநேரம் அந்தச் சின்னப் பிள்ளையையும் அது இரண்டு கையாலும் இழுத்த உரப்பையையும் பார்த்தார். பிறகு அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, “முன்னறையிலை கிடக்கிற சாமானை ஒதுக்கினால் இடம் வரும்” என்றார்.

இளையதம்பியர் ஓடி வந்தார். “என்ன பிள்ளை இது? ஒரு வீட்டிலை ரண்டு குடும்பமோ?”

“நீங்கள் வாக்குக் குடுத்தனீங்கள் ஐயா, அது நிக்கட்டும். நாங்களும் நிக்கிறம்.”

அவர் சுற்றி நின்ற சனத்தைப் பார்த்துவிட்டு, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வழி விட்டார்.

மறுநாள் விடிய, முற்றம் கூட்டுகிற சத்தத்தில் பத்மாசினிக்கு விழிப்பு வந்தது. கலியாணமான நாளிலிருந்து வேறொருவர் கூட்டுகிற சத்தம் கேட்டு அவள் எழும்பியதில்லை. குசினியில் மீன் வெடில் நாற்றம் இன்னும் வரவில்லை. வரும், மரக்கறி நாளான வெள்ளிக்கிழமை என்ன செய்வது என்று பிறகு யோசிக்கலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது முற்றத்தில் சரி பாதி மட்டும் கூட்டியிருந்தது. விளக்குமாற்றுக் கோடுகள் நடுவில் வந்து நூல் பிடித்தமாதிரி நின்றன. மறுபாதியில் வேப்பஞ்சருகு அப்படியே கிடந்தது. லூர்த்தம்மா விளக்குமாற்றைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள்.

“மற்றப் பக்கம் உங்கடை எண்டு விட்டிட்டன் தங்கச்சி.”

பத்மாசினி சைக்கிளைப் படலைப் பக்கம் திருப்பினாள்.

“எனக்கு நேரமாப் போச்சுது அக்கா. அதையும் ஒருக்காக் கூட்டிவிடுங்கோ. நாளைக்கு முழுக்க நான் கூட்டுறன்.”

சருகுக்கு மேலால் சைக்கிளை உருட்டிப் படலையைத் தாண்டினாள். ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பிறகு விளக்குமாறு மண்ணில் இழுபடத் தொடங்கியது.