வருகிற வெள்ளிக்கிழமை மறைவு

எதையும் நோண்டாமல் விடமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லுவார். உண்மைதான். கருப்பணன் எங்கள் பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார ஆரம்பித்தபோது அவர் நடுங்கினார். எனக்கோ பாதி பயம். இவன் என்னதான் செய்யப்போகிறான், பார்ப்போமே என்பது மீதி.

கருப்பணன் ஒன்பது வருடம் மதுரை ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் நடந்த கத்திக்குத்துக் கேஸ். "இவன் குத்தியதை என் கண்ணால் பார்த்தேன்" என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவர் என் வீட்டுக்காரர் இருளப்பன். சாணார்பட்டிப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் பூ போடப் போயிருந்தார்.

தினமும் காலையில் வருவான். ஒரு டீ குடிப்பான். எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பிவிடுவான். போலீசில் போய்ச் சொன்னேன். "பஸ் ஸ்டாப்ல உக்காந்ததுக்கெல்லாம் கேஸ் போட முடியுமாம்மா?" என்றார்கள். ஒரு நாள், எட்டாவது படிக்கிற என் மகள் ஸ்ரீமதியிடம், "சின்னாளப்பட்டி மாமா அருண்பாண்டி சௌக்கியமா பாப்பா?" என்று கேட்டிருக்கிறான். என் தம்பி பேர் இவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் போன பிறகு, அவன் உட்காரும் இடத்திலேயே போய் உட்கார்ந்து பார்த்தேன். நேர் எதிரே எங்கள் பிளக்ஸ். ஸ்ரீமதி சடங்குக்கு வைத்தது, இரண்டு மாதமாகியும் அவிழ்க்கவில்லை. தாய்மாமன், பெரியப்பா, சித்தி என்று நாற்பது முகம். ஒவ்வொன்றின் கீழும் பேர், ஊர். ஒருத்தர் விட்டுப்போனால்கூடச் சண்டை வருமே என்று தேடித்தேடிப் போட்டது. எங்கள் வம்சத்தையே படம் போட்டு அவன் கையில் கொடுத்திருக்கிறோம்! அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் அதைக் கிழித்து எறிந்தார்.

திங்கட்கிழமை காலையில் அதே கம்பங்களில் வேறு பிளக்ஸ் தொங்கியது. 'கண்ணீர் அஞ்சலி.' எங்கள் பிளக்ஸிலிருந்து எடுத்த என் வீட்டுக்காரரின் சிரித்த முகம்.

அவர் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். தெருவே அழுதுகொண்டு வந்து, அவரைப் பார்த்துப் பேயறைந்த மாதிரி நின்றது. யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அருண்பாண்டி எனக்குக் கோடிச் சேலையோடு வந்து இறங்கினான். உயிரோடிருக்கும் புருஷனுக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சேலையைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது.

மறைவுத் தேதியை நான்தான் படித்தேன். வருகிற வெள்ளிக்கிழமை.

தன் அஞ்சலியைத் தானே அவிழ்ப்பது ஆகாது என்று அவர் அதைத் தொடவில்லை. வேறு யாரும் தொடவில்லை. போலீஸ், வெள்ளிக்கிழமை ஓர் ஆளை அனுப்புகிறோம் என்றது.

பிளக்ஸின் ஓரத்தில் அதை அடித்த கடையின் பேர் இருந்தது. திண்டுக்கல் பேகம்பூருக்குப் போனேன். கடைக்காரர் ரஹ்மத்துல்லா பதறிவிட்டார். "சொந்தக்காரருன்னு சொன்னாருக்கா. தேதிய நான் கவனிக்கல. இன்னொண்ணும் குடுத்திருக்காரு, இன்னும் அடிக்கல. பாருங்க."

கம்ப்யூட்டரில் ஒரு வயதான அம்மா. அங்கம்மாள். நாலு வருடத்துக்கு முன்னால், இந்த வெள்ளிக்கிழமை வருகிற அதே தேதியில் மறைவு. 'கண்ணீருடன்' என்ற இடத்துக்குக் கீழே ஒரே ஒரு பேர்: மகன் கருப்பணன்.

"அவரு உள்ள இருந்தப்ப செத்துப்போச்சாம். கொள்ளி போடக்கூட விடலயாம்" என்றார் ரஹ்மத்துல்லா.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அவன் குத்துனத நீங்க பாத்தீங்களா?"

"அம்புட்டுப் பேரும் அவந்தான்னு சொன்னாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"எடை போட்டுக்கிட்டு இருந்தேன், மணிமேகலை. திரும்பிப் பாக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. கமிஷன் கடையில சொல்லச் சொன்னாங்க. நாளைக்கும் அங்கதான பூ போடணும்?"

இந்த மனுஷனோடு இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேனே என்று அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அவர் சாகக் கூடாது என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. "போய் உண்மையச் சொல்லிருங்க. நானும் வாரேன்" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனேன். பள்ளிக்கூட நேரம், பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். அனுப்பிய போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கருப்பணன் எழுந்தான்.

"நான் பாக்கல, கருப்பணா" என்றார் இவர்.

"சத்தமா."

"நான் பாக்கல! சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்!"

போலீஸ்காரர் கிளாசைக் கீழே வைத்தார். கருப்பணன் இவரைத் தொடவில்லை. கம்பத்தில் ஏறி பிளக்ஸை அவிழ்த்து, பொறுமையாகச் சுருட்டினான். சீருடையில் நின்ற ஸ்ரீமதியிடம், "கேட்டியா பாப்பா?" என்றான். வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிழைத்தார் என்று எனக்கு மூச்சு வந்தது. ஸ்ரீமதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, அப்ப குத்துனது யாரு?"

ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை.