இல்லாத புகை

மெத்தைத் தொழிற்சாலையில் அவருக்குப் பட்டப்பெயர் புகைவண்டி. வேலை முடிந்து வாசலைத் தாண்டியதும் ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். வீட்டுப் படி ஏறும்வரை ஒன்றின் நெருப்பில் இன்னொன்று எரிந்துகொண்டே போகும். நெஞ்சுவலி வந்து, டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி நாலு வார்த்தை சொன்ன பிறகு, அடியோடு விட்டுவிட்டார். பழக்கம் போனது, பெயர் போகவில்லை. வாசனையும் போகவில்லை.

குளித்துக்கொண்டிருப்பார், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பிடிப்பது போல இருக்கும். வாயில் எச்சில் ஊறும், விரல்கள் தாமாகவே சட்டைப் பை இருக்க வேண்டிய இடத்தைத் தடவும். முதல் தடவை பதறிப்போய் அடுப்படிக்கு ஓடினார். மனைவி பின்னாலேயே வந்து மோந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. உங்க மூக்கு பழைய சிநேகிதனைத் தேடுது."

டாக்டரும் சிரித்தார். "சில பேருக்கு அப்படி இருக்கும். கண்டுக்காதீங்க. ஒரு டம்ளர் தண்ணி குடிங்க, போயிடும்."

வேலையிடத்தில்தான் மானம் போனது. கிடங்குப் பொறுப்பு அவருடையது. பஞ்சும் ஃபோமும் கூரையைத் தொட அடுக்கியிருக்கும் இடம். ஒரு பொறி போதும். ஒரு நாள் வாசனை வந்ததும் மணியை அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிட்டார். மொத்த ஆலையும் வெயிலில் நின்றது. மூலைமுடுக்கெல்லாம் தேடியும் நூலளவு புகைகூடக் கிடைக்கவில்லை. மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற இடம் பாத்துக்குங்க" என்றார். அதிலிருந்து அவரைத் தாண்டிப் போகிறவர்கள் மெல்ல "கூ" என்று ரயில் ஊதுவார்கள்.

அதனால்தான் அன்றைக்கு மத்தியானம் அவர் மணியை அடிக்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பரணில் தையல்காரம்மா மட்டும் மெத்தை உறைகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அவரை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவள். இரண்டு நாளாகச் சளி பிடித்து மூக்கடைத்துக் கிடந்தாள். கீழே அவருக்கு வாசனை வந்தது. முதலில் இழையாக, பிறகு கொஞ்சம் கனமாக. தண்ணீர் குடித்தார். போகவில்லை. கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்தார். இல்லாத புகையை இழுத்தால் கேட்பார் யார்? எத்தனையோ மாதமாக முறுக்கிக் கிடந்த தோள்கள் அப்படியே இறங்கின.

"என்னண்ணே, நின்னுக்கிட்டே தூங்குறீங்க?" என்று தையல்காரம்மா பரணிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. நீ வேலையைப் பாரு."

அவள் உள்ளே போனாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

வாசனை மேலும் கனத்தபோது வேறொரு எண்ணம் வந்தது. கடைசி அடுக்குக்குப் பின்னால் யாரோ திருட்டுத்தனமாகப் பிடிக்கிறான். கையும் களவுமாகப் பிடித்துக் கண்டிக்க வேண்டியவர் இவர்தான். ஆனால் கால்கள் நடந்தது அதற்கல்ல. ஒரே ஒரு இழுப்பு கேட்கலாம் என்று நடந்தார். எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டார்.

அங்கே யாரும் இல்லை. சுவரிலிருந்த மின்பெட்டியின் மூடி கறுத்து உப்பியிருந்தது. அதற்குக் கீழே, மெத்தைகளின் இடுக்குகளிலிருந்து புகை சாவகாசமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அடுக்கின் மேல் கை வைத்தார். காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சுட்டது.

ஓடிப்போய் மணியை அடித்துக் கத்தினார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து யாரோ "கூ" என்றார்கள். சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுக்கு குப்பென்று பற்றிக்கொண்டது. ஃபோம் எரிந்தால் உருகிச் சொட்டும். சொட்டிய இடமெல்லாம் எரியும். கரும்புகை கூரையில் முட்டி நேராகப் பரணுக்குள் புகுந்தது.

சட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏறினார். தையல்காரம்மா தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள், படி இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிராக. காலைப் பிடித்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எப்படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது.

கிடங்கு சாயங்காலம்வரை எரிந்தது. மேனேஜர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்க மூக்கு இல்லன்னா இன்னைக்கு நாங்க யாரும் இல்ல." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். யாரும் ரயில் ஊதவில்லை.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். நுரையீரல் இனிப் பழையபடி ஆகாது என்று வார்டு வாசலிலேயே தையல்காரம்மாவின் புருஷன் சொன்னான். சொல்லிவிட்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அவள் மூக்கில் குழாய் செருகியிருந்தது. "அண்ணே, நீங்க மட்டும் வரலைன்னா..." என்று ஆரம்பித்து இருமினாள்.

"அப்படிச் சொல்லாதம்மா. ஒண்ணுமில்லன்னு உங்கிட்ட சொன்னேன் பாரு, அப்பவே எனக்கு வாசனை வந்துடுச்சு."

"உங்களுக்குத்தான் எப்பவும் வருமே."

"நல்லா இருந்துச்சும்மா. அதான் நின்னேன். அப்புறம் பின்பக்கம் போனதுகூட யார்கிட்டயாவது ஒரு இழுப்பு கேக்கத்தான்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் எழுந்து வந்தார்.

கேட்டுக்கு வெளியே ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றான். வெட்கமே இல்லாமல் வாய் ஊறியது. தன் கால்களை நம்பாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டார்.

இன்றுவரை அவர் தொடவில்லை. ஆசை விட்டுவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை. வாசனை வந்தால் மட்டும், பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும், "உங்களுக்கு ஏதாவது கருகுற வாசனை வருதா?" என்று கேட்டுவிடுகிறார். நேற்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மோந்து பார்த்துவிட்டு, "இல்லையே" என்றார். சொல்லிவிட்டு, இறங்கும்வரை அவரும் மோந்துகொண்டேதான் வந்தார்.