உடனே போன் செய்திருந்தால்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடிப்பவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் இங்கிலீஷ் எதற்கு என்று அவளுடைய கொழுந்தனே கேட்டுவிட்டான். போனில் நாலு வார்த்தை பேசத்தான் என்றாள். யாரிடம் என்று அவன் கேட்கவில்லை. புருஷன் போய் மூன்று வருஷம். பிள்ளை குட்டியும் கிடையாது.

அவர் போன கதையை எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்லியிருந்தாள்: சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தேன், நாற்காலியிலேயே உயிர் போயிருந்தது. அது பச்சைப் பொய். அவள் வந்தபோது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிழைக்க வந்த இந்த நாட்டில் ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் இங்கிலீஷில் கேள்வி கேட்பார்களே என்று பயந்து, பேசத் தெரிந்த கொழுந்தனைத் தேடி அவன் வேலை பார்க்கும் கிடங்குக்கே திரும்பத் திரும்பப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இருபது நிமிஷம். அவன் எடுத்தபோது சொல்ல வேண்டிய செய்தியே மாறிவிட்டிருந்தது.

உன் கையில் என்ன இருக்கிறது என்று வந்தவர்களெல்லாம் தேற்றினார்கள். அவர்களுக்கே தெரியாத குற்றத்தை யாரால் மன்னிக்க முடியும்? ஒரே ஒரு ஆளிடமாவது உள்ளதைச் சொல்லிவிட்டால் போதும் என்று தவித்தாள். வாய்தான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான வகுப்பு, நூலகத்து மாடியில். டீச்சர் சின்னப் பெண், தமிழ் தெரியாதவள். 'இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்கும்' என்று சொல்லப் பழகுவதுதான் அன்றைய பாடம். ஆளுக்கொரு வாக்கியம். பக்கத்து நாற்காலி பஸ் டிரைவர், லாட்டரி விழுந்திருந்தால் பஸ்ஸை விற்றிருப்பேன் என்றான். பஸ் அவனுடையதே இல்லை. ஆனாலும் டீச்சர் தலையாட்டினாள்.

இவள் முறை வந்தது. தமிழில் மூன்று வருஷமாகத் தொண்டையைத் தாண்டாதது, இங்கிலீஷில் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்துவிட்டது. நான் உடனே போன் செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவ்வளவுதான் சொன்னாள். நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

டீச்சர் முகம் மலர்ந்தது. பிரமாதம், ஒரு பிழை இல்லை என்று சொல்லி அதைப் போர்டில் பெரிதாக எழுதினாள். எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றாள். இருபது பேர் மூன்று முறை கோரஸாகச் சொன்னார்கள். இவளும் சொன்னாள்.

சத்தம் அடங்கியதும் டிரைவர் இவள் பக்கம் சாய்ந்து, தமிழில், மெதுவாகக் கேட்டான்.

"யாரு அக்கா அந்த அவரு?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. அவள் நோட்டை மூடியதைப் பார்த்திருக்கிறான். பதிலுக்குக் காத்திருந்தான்.

"யாருமில்ல தம்பி," என்றாள். "சும்மா ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்."

அவன் சரியென்று திரும்பிக்கொண்டான். போர்டைப் பார்த்து எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளும் நோட்டைத் திறந்து, எழுத்துக்கூட்டி, அதைப் பார்த்து எழுதத் தொடங்கினாள்.