நாச்சிமுத்துவுக்குப் போடாத அரிசி

நாச்சிமுத்து இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஞானஸ்நானத்தில் அவனுக்கு வைத்த பெயர் அருமைநாயகம். அந்தப் பெயரைச் சொல்லி நான் ஒரு தடவைகூட அவனைக் கூப்பிட்டதில்லை. கூப்பிடச் சொல்லி அவனும் கேட்டதில்லை.

இருவருக்கும் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரே ஊர். மேட்டூரில் அணை கட்டியபோது சேர்ந்தே கல் வேலைக்குப் போனோம். ஒரே குடிசையில் ஆறு வருஷம் இருந்தோம். கூலிக்காரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க மாசிலாமணி உபதேசியார் என்று ஒருவர் வருவார். நாங்கள் அவரிடம் போனது படிக்கத்தான். நான் எழுத்தோடு நின்றுகொண்டேன். நாச்சிமுத்து நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் சாப்பிடும் முன் கண்ணை மூட ஆரம்பித்தான். அந்த நேரத்தில் அவன் தட்டிலிருக்கும் கருவாட்டை நான் எடுத்துவிடுவேன். தெரிந்தும் மறுநாள் மூடுவான். பாட்டு அவனுக்கு வராது. ஆனாலும் விடியும் முன் எழுந்து கீர்த்தனை பாடுவான்.

“ஏம் மாப்ளே, உன்ற சாமிக்குக் காது மந்தமா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அவருக்கு நல்லாத்தான் கேக்குது. எந்திரிக்காமக் கெடக்கறவனுக்குத்தான் பாடறேன்,” என்றான்.

அவன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த செய்தி ஊருக்குப் போனதும் ஊர்க்கூட்டம் போட்டு அவனை ஒதுக்கி வைத்தார்கள். எந்த வீட்டிலும் அவனுக்குச் சோறு தண்ணீர் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அந்த வீட்டையும் ஒதுக்கிவிடுவார்கள். பேசி முடித்திருந்த மாமன் மகளை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அணை வேலை முடிந்து திரும்பியவன் என் காட்டோரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தான். என் வீட்டிலிருந்து அவனுக்குச் சோறு போனதை ஊர் கண்டும் காணாததுபோல் விட்டது. ஆனால் அவனைப் பெற்ற காளியாத்தாளால் அப்படிச் சோறு கொடுக்க முடியவில்லை. அவள் மூத்த மகன் குடும்பத்தோடு இருந்தாள். அந்த வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். காட்டுத் தடத்தில் தள்ளி நின்று மகனிடம் இரண்டு வார்த்தை பேசுவாள், போய்விடுவாள். அவள் கையால் அவனுக்கு ஒரு வாய் சோறு போட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

மேட்டூரில் பிடித்த முறைக்காய்ச்சல் அவனை விடவில்லை. அந்த ஐப்பசியில் கொயினா மருந்துக்கும் அடங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஊர்க்காரங்க வருவாங்க. என்ற வாயில அரிசி போட உடாதே. நான் பசியோட போறவன் இல்லீன்னு தெரியோணும்.”

கையடித்துச் சத்தியம் செய்தேன். மறுநாள் விடிந்ததும் போய்விட்டான்.

நாமக்கல்லுக்கு மாறி வந்திருந்த உபதேசியாருக்கு ஆள் அனுப்பினேன். அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஊர்க்கட்டுப்பாடு உயிரோடு இருக்கிறவனுக்குத்தான், பிணத்துக்குக் கிடையாது, பெற்றவள் வாய்க்கரிசி போடலாம் என்று சொல்லிவிட்டார்கள். காளியாத்தாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். முந்தானையில் அரிசி முடிந்திருந்தது.

நான் குடிசை வாசலில் நின்றேன். “வேண்டாமுங்க ஆத்தா. அவன் போட வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்கறான்.”

“ஒரு புடி சாமி. போட்டுப்போட்டு உடனே போயிர்றேன்.”

நான் நகரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். அழவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் போய்க் குந்திக்கொண்டாள். பிணம் எடுக்கும்வரை முந்தானை முடிச்சை அவிழ்க்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் உபதேசியார் நாலு பேரோடு வந்தார். வேதத்தில் சேர்ந்தவர்களுக்கென்று ஓடைக்கரையில் ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே ஜெபம் செய்து புதைத்தோம். திரும்பும்போது நடந்ததை அவரிடம் சொன்னேன். அவனுக்குக் கொடுத்த வாக்கை எவ்வளவு சரியாகக் காப்பாற்றினேன் என்ற பெருமை எனக்கு இருந்தது. அவர் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளை நிறுத்தினார்.

“நான் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணியிருப்பேன், வெள்ளியங்கிரி. கொஞ்சம் நீளமான ஜெபமாக. அதற்குள் அந்தம்மா போட்டிருப்பார்கள்,” என்றார்.

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. அவன் வேதத்தில் சேர்ந்த மறுவருஷம், ஆடிப் பதினெட்டுக்குப் பவானிக்குப் போன வண்டியில் காளியாத்தாள் மேட்டூருக்கும் வந்தாள். கோயில் திருநீற்றை எடுத்து மகன் நெற்றியில் நீளமாக இழுத்துவிட்டாள். அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். வண்டி புறப்பட்ட பிறகும் அவன் துடைக்கவில்லை. நான் சிரித்தேன். “ஆத்தா திரும்பிப் பாக்கும் மாப்ளே, வண்டி போகட்டும்,” என்றான்.

இன்னொருவர் மனம் நோகும்படி அவன் தன் நம்பிக்கையைக் காத்ததில்லை. எனக்கு அவன் சொன்ன வார்த்தை மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. ஊரைச் சொன்னானா, பெற்றவளையும் சேர்த்துச் சொன்னானா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உயிர் இருந்த அந்த அரை நாளில் எனக்கு அது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். கட்டுத்தறியில் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். உபதேசியார் சொன்னதைச் சொன்னேன். குழிமேட்டுக்குக் கூட்டிப்போகிறேன், அங்கேயாவது போடுங்கள் என்றேன்.

“மண்ணு மேல போட்டாக் குருவி திங்கும்,” என்றாள்.

அவன் பசியோடு போகவில்லை என்று சொன்னதையும் சொன்னேன். அவள் கை நின்றது.

“ஆரு சோறு போட்டா அவனுக்கு?”

“எங்கூட்டுச் சோறுதானுங்க.”

மீதிச் சாணியையும் வழித்துக் கூடையில் போட்டாள். பிறகு, “நீ நல்லாருப்பே சாமி. ஆனா என்ற கண்ணு முன்னால வராதே,” என்றாள்.

போகவில்லை. அவள் நடக்கும் தடத்தை விட்டு, வாய்க்கால் மேட்டைச் சுற்றியே நாலு வருஷம் என் காட்டுக்குப் போனேன். அவள் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. இன்னும் அந்தச் சுற்றுவழியில்தான் போகிறேன்.