நான்கும் சேரும் நேரம்

கோமுகி அணைக் கரையில் முக்காலிமேல் கவிழ்த்த தட்டைப் போல ஆன்டெனா நின்றது. பக்கத்தில் ஒரு பெட்டி. சற்றுத் தள்ளிக் குந்தியிருந்த கணவனிடம் ராஜாம்பாள் சோற்றுத் தூக்கை நீட்டினாள்.

"கிட்ட வராத. அங்கியே வெய்யி," என்றான் சுப்புராயன்.

"இன்னா, பொண்டாட்டி பட்டா தீட்டா?"

"எனக்கு இல்ல. அதுக்கு."

ராணுவத்துக்கும் கப்பலுக்கும் ஆகுமாம் அந்தப் பெட்டி. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தை எண்ணில் சொல்லும். நான்கு கோள்கள் ஒன்றாகத் தலைக்குமேல் வரவேண்டும். பகலில் கொஞ்ச நேரம்தான் அப்படி வாய்க்கும். நிலம் அளக்க வந்து, இன்னொரு பெட்டியோடு வெள்ளிமலைக்குப் போன இன்ஜினியர், திரும்பும்வரை இது நூலளவும் அசையக்கூடாது என்று சொல்லி சுப்புராயனைக் காவல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இட ஒதுக்கீட்டுக்காக ஊரே மறியலில் இருந்த நாட்கள். கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். விடியலில் போலீஸ் வீடு புகுந்து ஆட்களை அள்ளிப் போயிருந்தது. சேதி சொன்னது யார் என்று தேடிக்கொண்டிருந்த கூட்டம் கரையேறியது. முன்னால் ராஜாம்பாளின் தம்பி இருசப்பன்.

"இன்னா மாமா, போலீசுக்கு ஒயர்லெஸ் போட்டுக்கினு கீறியா?"

"போடா. இது வானத்தக் கேட்டுக்கினு கீது."

"வானத்துல யாரு கீறாங்க, எஸ்.பி.யா?"

சிரித்தார்கள். சுப்புராயனும் சிரித்தான். பின்னாலிருந்த யாருக்கோ அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"ஒடைங்கடா அத!"

ராஜாம்பாள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வுட்டுட்டு வாய்யா. ஒடைஞ்சா ஒடையட்டும்."

"நாலும் வர்ற நேரம். செத்த இரு," என்று கையை உதறி, ஆன்டெனாவுக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நின்றான்.

கல் வந்ததை அவள் பார்க்கவில்லை. தேங்காய் விழுந்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. அவன் உட்காருகிறான் என்றுதான் நினைத்தாள். கூட்டம் செருப்புகளை விட்டுவிட்டு ஓடியது. "அக்கா, வண்டி கொண்டாரேன்" என்று கத்திக்கொண்டே இருசப்பனும் ஓடினான்.

எவ்வளவு நேரமோ. வெட்டிச் சாய்த்த மரங்களுக்கு அப்பால் ஜீப்பை விட்டுவிட்டு, இன்ஜினியர் மறுபக்கமாக மூச்சிரைக்க ஏறி வந்தார். நேரே பெட்டியிடம் குனிந்தார்.

"சேர்ந்திடுச்சு! சுப்புராயா, யாராச்சும் தொட்டாங்களா?"

"யாரும் தொடலீங்க," என்றாள் ராஜாம்பாள். தன் குரல் அத்தனை தெளிவாக வந்தது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. "அவரு வுடலீங்க."

அவர் நிமிர்ந்தார். அவள் மடியில் இருந்த தலையைப் பார்த்தார்.

பெட்டியில் சிவப்பு எண்கள் எரிந்தன. கடைசி எண் மட்டும் மெல்ல ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அசையாத அவன் மார்பில் கையை வைத்துக்கொண்டு அவள் அதையே பார்த்திருந்தாள்.